தறியோரம் இருவர்: காஞ்சிப் பட்டின் வரலாற்றில் முதலாளியும் பணியாளரும்



நம் இல்லத் திருமணங்களில் மணமகளுக்கு எடுக்கப்படும் காஞ்சிப் பட்டில் சேலையின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறொரு நிறமாகவும் அமைந்திருக்கும். ஆண்களாகிய நமக்குப் பட்டு ஆகாது என்பதாலோ என்னவோ, அதை உற்றுப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. பெண்களுக்குத் தெரியும்: அந்தக் கரை பின்னர் தைத்துச் சேர்க்கப்பட்டதன்று, நெய்யும்போதே ஒவ்வோர் ஊடையிலும் உடலோடு கோக்கப்பட்டது. இதற்குக் கோர்வை என்று பெயர். இவ்வாறு நெய்ய மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு. தறிக்குழியில் காலை இறக்கி அமர்ந்திருக்கும் நெசவாளர் தனியாளாக மூன்றையும் கையாள்வது அரிது. ஆகவே அவர் அருகில் இன்னொருவர் அமர்ந்து ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ளித் தருவார். உலகப் புகழ் பெற்ற காஞ்சிப் பட்டு, கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்த இருவரின் உழைப்பால் உருவானது.

அந்த இரண்டாமவர் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரு சிறுவராகவோ சிறுமியாகவோ இருந்தார். அவர் நாடாவைத் தள்ளப் பிந்தினால் நெசவு தடைபடும். நெசவு தடைபட்டால் கூலி குறையும். நெசவாளரின் சினம் முதலில் இறங்கியது அந்தப் பிஞ்சுத் தோளின் மீதுதான். அந்த நெசவாளருக்கும் மேலே ஒரு முதலாளி இருந்தார். அவரிடம் இவர் கடன்பட்டிருந்தார்.

இக்காலத்து இளைஞர்கள் தம் அலுவலகத்தைப் பற்றிக் குறைப்படும்போது 'டாக்ஸிக்' என்றொரு சொல்லைப் பயன்படுத்துகின்றனர். ஏச்சு, பாரபட்சம், முதுகுக்குப் பின்னால் பேச்சு, ஓய்வின்மை, அச்சம் ஆகிய அனைத்தும் சேர்ந்து பணியிடத்தின் காற்றையே நஞ்சாக்கிவிடும் நிலையை அது குறிக்கிறது. இதைத் தடுக்க மேலாளர்கள் இன்முகம் காட்ட வேண்டும், பாராட்ட வேண்டும், ஆண்டுக்கொரு முறை சுற்றுலா அழைத்துச் செல்ல வேண்டும் என்றெல்லாம் பயிற்சி வகுப்புகளில் போதிக்கிறார்கள். நல்லவைதாம். ஆயினும் காஞ்சிபுரத்து வரலாற்றைப் படிக்கும்போது, மேலாளரின் முகபாவத்தைக் காட்டிலும் இரண்டு கேள்விகளே பெரியனவாக எனக்குத் தோன்றுகின்றன. பணியாளர் விரும்பினால் விலகிச் செல்ல வழி உண்டா? அவர் முறையிட்டால் கேட்கச் செவி உண்டா? இவ்விரண்டும் அடைபட்ட இடத்தில், நல்ல மனிதர் முதலாளியாக அமர்ந்தாலும் நாளடைவில் நஞ்சு ஊறத் தொடங்குகிறது.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் தறி வரியின் சுமை பொறுக்காமல் நெசவாளர் ஊரைவிட்டே வெளியேறிய செய்திகள் உண்டு. அவர்களைத் திரும்பக் குடியமர்த்த வரியைக் குறைத்ததாகவும் அதே கல்வெட்டுகள் கூறுகின்றன. அக்காலத்தில் காஞ்சிபுரத்துக் கைக்கோளர் பல்லக்கில் ஏறவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றிருந்தனர். பிற ஊர்க் கைக்கோளர் அவர்களை முன்னுதாரணமாகக் காட்டி அவ்வுரிமையைத் தாமும் பெற்றனர். தறியைப் பிரித்துக் கட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்குச் சென்றுவிடக் கூடியவர் என்பதாலேயே ஆள்வோரும் வணிகரும் நெசவாளரை மதிப்போடு நடத்த வேண்டியிருந்தது.

இந்நிலை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலும் நீடித்தது. தென்னிந்திய நெசவாளரைப் பற்றி 2001இல் விரிவான நூலொன்றை வெளியிட்ட வரலாற்றாய்வாளர் பிரசன்னன் பார்த்தசாரதி ஒரு செய்தியை வலியுறுத்துகிறார். வணிகர் முன்பணம் கொடுத்துத் துணி நெய்யச் சொல்வார். நெசவாளருக்கு ஒப்பந்தம் பிடிக்கவில்லை என்றாலோ வேறொருவர் நல்ல விலை தந்தாலோ, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகலாம். அன்றைய முன்பணம் பெரும்பாலும் நெசவாளருக்குச் சாதகமாக இருந்தது. நூல் வாங்கவும் நெய்து முடிக்கும் வரை குடும்பம் உண்ணவும் அது உதவியது. இழப்பின் பெரும்பகுதியை வணிகர் சுமந்தார்.

பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனி நிலத்தின் அதிகாரத்தையும் கையில் எடுத்தது. காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கற்பட்டுப் பகுதி ஆற்காடு நவாப் முஹம்மது அலியிடமிருந்து 1763இல் ஜாகீராகக் கம்பெனிக்குச் சென்றது. வாங்குபவரே ஆள்பவராகவும் ஆகிவிட்டார். கம்பெனியிடம் முன்பணம் பெற்றவர் வேறு எவருக்கும் நெய்யலாகாது என்ற கட்டுப்பாடும், அதை மேற்பார்க்கச் சேவகர்களும் வந்தனர். பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகும் பழைய உரிமை தேய்ந்தது. முன்பணம் என்ற சொல் மாறவில்லை; அது சோற்றிலிருந்து விலங்காகிவிட்டது. இதற்கு ஒரு தலைமுறைக் காலம்கூடத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

20ஆம் நூற்றாண்டில் அந்த விலங்கு தறிக்குழிக்குள்ளேயே இருந்தது. தறி உடையவர் நெசவாளருக்கு ஒரு தொகை கொடுப்பார். மகளின் திருமணம், தாயின் மருத்துவம், மழைக்காலத்தில் பாவு நனைந்து வேலை நின்ற வாரங்கள் என்று அது வளரும். கடன் தீரும் வரை வேறு தறிக்குப் போக இயலாது. கூலியிலிருந்து பிடித்தம் நடக்கும். எவ்வளவு பிடித்தது, எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு முதலாளியின் ஏட்டில் மட்டும் இருக்கும். அதே முறையில், கோர்வைக்கு உதவும் சிறார்களின் பெற்றோரும் முன்பணம் பெற்றனர். பிள்ளையின் கைகள் அதற்கு ஈடாயின. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடன் அனைத்தும் அழிந்ததாக அறிவித்தது. அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு கடந்து, 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாய் இருந்த குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கர்நாடகம், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றோடு தமிழ்நாட்டின் காஞ்சிபுரமும் அதில் இடம்பெற்றது.

இந்த முதலாளிகள் எல்லாரும் கொடியவர்களா? அப்படி நான் எண்ணவில்லை. பலர் கோயில் திருப்பணிக்கு வாரி வழங்கியவர்கள். தம்மிடம் நெய்பவரின் வீட்டுத் துக்கத்தில் முதல் ஆளாய் வந்து நின்றவர்கள். ஆனால் எதிரில் இருப்பவர் எங்கும் போக முடியாதவர் என்று தெரிந்துவிட்டால், மனிதனின் நாவு தானாகவே நீண்டுவிடுகிறது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனைப் பற்றியது என்பதை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதி வைக்குமாறு கட்டளையிடுகிறது. அதன் உள்ளே இருக்கும் ஒரு நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஏட்டில் எழுத வேண்டிய வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர், கடன் பட்டவர். அவர் சொல்லச் சொல்ல, நீதியான எழுத்தர் எழுத வேண்டும். அவரால் இயலாவிடில் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். பலவீனமான தரப்பின் வாயிலிருந்து கணக்கு பிறக்க வேண்டும் என்பது இதன் பொருள். தன் கடன் எவ்வளவு என்பதைத் தானே சொல்லி எழுதச் செய்த நெசவாளர், முதலாளியின் ஏட்டைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

இன்னொரு வசனமும் நினைவுக்கு வருகிறது. மத்யன் நகரத்துப் பெரியவரின் மகள், மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்திக்கொள்ளுமாறு தந்தையிடம் கூறுகிறார்; பணிக்கு அமர்த்த ஏற்றவர் வலிமையும் நம்பகமும் உடையவர் என்பது அவருடைய பரிந்துரை. அல்கஸஸ் அத்தியாயத்தின் 26ஆம் வசனத்தில் வரும் இதை நம் வணிகர் பலர் ஆள் எடுக்கும்போது மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டுவர். அடுத்த வசனத்தை அவ்வளவாகக் காட்டுவதில்லை. அதில் பேசுபவர் முதலாளி. காலம் எட்டு ஆண்டுகள் என்று வரையறுக்கிறார். பத்தாக நிறைவு செய்வது மூஸாவின் விருப்பம் என்கிறார். அவருக்குச் சிரமம் தரத் தாம் நாடவில்லை என்றும் சொல்கிறார். இரண்டு தவணைகளில் எதை முடித்தாலும் தம்மீது குறை இருக்கலாகாது என்று மூஸா (அலை) பதிலுக்குத் தெளிவுபடுத்திக்கொள்கிறார். ஊரைவிட்டு ஓடி வந்த ஓர் அகதியிடம், வேறு போக்கிடம் இல்லாத ஒருவரிடம், பேசப்பட்ட நிபந்தனைகள் இவை. 26ஆம் வசனம் பணியாளரின் தகுதியைச் சொல்கிறது என்றால், 27ஆம் வசனம் முதலாளியின் தகுதியைச் சொல்கிறது.

நம் சகோதரர்கள் பல்லாயிரவர் வளைகுடா நாடுகளில் பணியாற்றுகின்றனர். அங்கே நிலவிய கஃபாலா முறையில், முதலாளியின் அனுமதியின்றி வேலை மாறுவது இயலாதிருந்தது. ஃபிக்ஹில் கஃபாலா என்பது ஒருவருக்காகப் பொறுப்பேற்பது. மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா (அலை) பொறுப்பேற்று வளர்த்ததைக் குறிக்கவும் குர்ஆன் இந்த வேர்ச்சொல்லையே கையாள்கிறது. அப்படிப்பட்ட சொல் காவலாளியின் சாவிக்குப் பெயரானது வேதனைக்குரியது. கத்தார் 2020இல் அந்த அனுமதித் தேவையை நீக்கியது. சவூதி அரேபியா 2021 மார்ச் முதல் தளர்த்தியது. அதற்கு முன்பு அங்கே பணியாற்றியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், கடவுச்சீட்டு யாருடைய பெட்டியில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

இனி இரண்டாம் கேள்வி: கேட்கும் செவி.

இஸ்லாமிய நகரங்களில் ஹிஸ்பா என்ற அமைப்பு இருந்தது. அதன் அதிகாரி முஹ்தஸிப். எடைக்கல்லைச் சோதிப்பவர் என்றே அவரை நாம் பெரும்பாலும் அறிந்திருக்கிறோம். கி.பி. 1058இல் மறைந்த இமாம் மாவர்தி தம் ஆட்சியியல் நூலில் அவருடைய பணிகளை விரிக்கும்போது, அடிமைகளிடம் சக்திக்கு மீறி வேலை வாங்கும் எஜமானரைத் தடுப்பதையும் அவருடைய பொறுப்பாக எழுதுகிறார்; வாயில்லாப் பிராணியின் மீது அதிகச் சுமை ஏற்றுவதைத் தடுப்பதும் அதில் அடங்கும். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரீ எழுதிய முஹ்தஸிப் கையேட்டில் நெசவாளர், பட்டுத் தொழில் செய்வோர், சாயம் தோய்ப்போர் ஆகியோருக்குத் தனித்தனி அத்தியாயங்களே உண்டு. நடைமுறையில் எல்லா முஹ்தஸிபும் நேர்மையாக இருந்தனர் என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை. எனினும் பட்டறைக்குள் நடப்பது முதலாளியின் சொந்த விவகாரம் என்று விட்டுவிடாமல், வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்கலாம் என்ற கொள்கை அங்கே நிலைபெற்றிருந்தது.

செவி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை பெரம்பூரில் இருந்த பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலை ஓர் எடுத்துக்காட்டு. நண்பகல் உணவுக்குப் போதிய இடைவேளை இல்லை, மேற்பார்வையாளரின் ஏச்சும் அடியும் வழக்கமாயிருந்தன, முறையிட எவருமில்லை. ஆலைக்கு அருகே செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகிய இரு வணிகர் ஒரு பக்திச் சபையை நடத்தி வந்தனர். அங்கே உபந்நியாசம் கேட்க வந்த தொழிலாளர் தம் குறைகளையும் பேசினர். சபைக்காரர்களோ அதைக் காதில் வாங்கிக்கொண்டு உதவி தேடிப் புறப்பட்டனர், பி.பி. வாடியா அவர்களுக்குக் கிடைத்தார். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பலராலும் போற்றப்படும் அது, ஒரு சமயச் சபையின் திண்ணையில் முளைத்தது என்பது, பள்ளிவாசல் நிர்வாகிகளான நம்மவர் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

நிர்வாகமோ செவி சாய்க்கவில்லை. வாடியாவின் மீது வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றத் தடை பெற்றது. 1921இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் வெடித்தது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வேலைநிறுத்தத்தில் நின்றனர். ஆதி திராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குச் சென்றனர். முதலாளியை நோக்கி எழுந்த சினம் புளியந்தோப்பில் அண்டை வீட்டாரின் மீது இறங்கியது. குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. நம் சமுதாயத்தாரும் அதில் ஒரு தரப்பாய் இருந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேலிருந்து வரும் கொடுமை கீழே இறங்க இறங்கத் தன்னினும் எளியவர் மீது பாயும். காஞ்சித் தறியில் சிறுவனின் தோளில் விழுந்த அடியும் புளியந்தோப்புத் தீயும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

நூறாண்டு கழித்து, காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே மற்றொன்று நடந்தது. கோயில் நகரிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் வழியில் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் இன்று தொழிற்சாலைகளால் நிறைந்துள்ளது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் கைப்பேசித் தொழிற்சாலையின் பெண் பணியாளர் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சானது. 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் என்ன ஆனார்கள் என்று மற்றப் பெண்களுக்கு எவரும் தெளிவாகச் சொல்லவில்லை. மரணம் நிகழ்ந்துவிட்டதாக வதந்தி பரவியது. இரவோடு இரவாக அப்பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தனர். மரணம் எதுவும் நிகழவில்லை என்பது பிறகே தெரிந்தது. நெரிசலான அறைகள், குறைபாடான கழிப்பறைகள் பற்றிய செய்திகள் அதன் பின்னரே வெளிவந்தன. ஆப்பிள் நிறுவனம் அத்தொழிற்சாலையைத் தன் கண்காணிப்பின்கீழ் வைத்தது. ஃபாக்ஸ்கான் உள்ளூர் மேலாண்மைக் குழுவை மாற்றியமைப்பதாக அறிவித்தது. ஆலை பல வாரங்கள் மூடிக்கிடந்தது. உணவு கெட்டது ஒரு நாளில் நடந்த விபத்து. பெண்கள் தம் மேலாளரின் வார்த்தையை நம்பாமல் வதந்தியை நம்பியது ஒரு நாளில் வந்ததன்று. முன்பு சொன்ன குறைகளுக்கு விடை கிடைத்திருந்தால் அன்றும் அவர்கள் விடைக்காகக் காத்திருந்திருப்பர். 2024 செப்டம்பர் 9 முதல் அதே வட்டாரத்தில் சாம்சங் தொழிலாளர் ஒரு மாதத்துக்கும் மேலாக நடத்திய வேலைநிறுத்தத்திலும், ஊதியத்தோடு சேர்ந்து நின்ற முதன்மைக் கோரிக்கை தம் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதே.

ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் ஆலைகளைப் பற்றி நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். நம்மிடம் இருப்பவை துணிக்கடை, காலணிப் பட்டறை, பேக்கரி, பிரியாணிக் கடை. அங்கே மேலாளர் என்றால் பெரும்பாலும் முதலாளியின் மகன் அல்லது மைத்துனர். ஊரிலிருந்து அழைத்து வந்த பையன் கடைக்கு மேலேயே தங்குகிறான். சம்பளத்தில் பாதியை ஊருக்குப் போகும்போது தருவதாக நிறுத்தி வைக்கிறோம். அவனுடைய பெற்றோர் முன்கூட்டியே பணம் வாங்கியிருப்பர். காஞ்சித் தறியின் முன்பணத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று ஒருமுறை கணக்கு பார்க்கலாம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அனஸ் (ரலி) ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவர். பத்தாண்டுகள் பணிவிடை செய்தார். அத்தனை ஆண்டுகளில் ஒரு சலிப்புச் சொல்லைக்கூடத் தாம் கேட்டதில்லை என்றும், ஏன் இதைச் செய்தாய், ஏன் அதைச் செய்யவில்லை என்று தம்மிடம் வினவப்பட்டதில்லை என்றும் அவர் அறிவித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இதைச் சொல்பவர் பணியாளர் என்பதே இதன் எடை. நம்மைப் பற்றி நம் கடைப் பையன் பத்தாண்டு கழித்து என்ன அறிவிப்பான்?

சட்டமும் சில கடமைகளை நம்மீது வைத்திருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில், பாலியல் தொல்லை பற்றிய முறையீடுகளைக் கேட்க ஒரு பெண்ணின் தலைமையில் உள்ளகக் குழு அமைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். கடைகளில் நாள் முழுதும் நிற்கும் பணியாளருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. காஞ்சிபுரம் காந்தி சாலையின் பட்டுக்கடைகளிலும் சென்னைத் தியாகராய நகரிலும் சேலையை விரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு முக்காலி இருக்கிறதா என்று, இந்தப் பெருநாளைக்குத் துணி எடுக்கப் போகும்போது பாருங்கள்.

இன்னும் நெருங்கிய ஒரு பணியிடம் இருக்கிறது. பள்ளிவாசல். ஜமாஅத் நிர்வாகம் அங்கே முதலாளி. இமாமும் மோதினாரும் மதரஸா ஆசிரியரும் பணியாளர். அரசு 2009இல் உலமாக்கள், பணியாளர்கள் நல வாரியம் அமைத்தது, உதவித்தொகைகள் கிடைக்கின்றன. பணி நிபந்தனைகளோ இன்னும் வாய்மொழியாகவே இருக்கின்றன. எத்தனை மஹல்லாக்களில் மோதினாருக்கு விடுப்பு எத்தனை நாள் என்று எழுதப்பட்டிருக்கிறது? பாங்கு இரண்டு நிமிடம் பிந்தியதற்காகத் தொழுகையாளிகள் முன்னிலையில் அவர் ஏசப்படும்போது, அவர் யாரிடம் போவார்? தலைவரிடம் போக முடியாது. ஏசியவரே பல இடங்களில் தலைவர்தாம். வேறு ஊருக்குப் போகலாம் என்றால் குடியிருக்கும் அறை பள்ளிவாசலுடையது, பிள்ளைகளின் படிப்பு இந்த ஊரில்.

காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியபோது, நெசவாளரே உறுப்பினர் ஆனார். நூலையும் ஜரிகையையும் சங்கத்திடம் பெற்று, நெய்த சேலைக்குக் குறித்த கூலி வாங்கினார். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க வாக்கும் அளித்தார். அந்தச் சங்கங்களிலும் குறைகள் உண்டு, அரசியலும் உண்டு. ஆனால் கணக்கு கேட்கும் உரிமை ஏட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும் வேளையில், மோதினார் தேநீர்த் தட்டை ஏந்தி வரிசை வரிசையாக வந்துகொண்டிருப்பார். இவ்வாண்டு அந்தத் தட்டை நிர்வாகிகளில் ஒருவர் வாங்கிக்கொண்டு அவரை அமரச் செய்யலாம். அவருடைய ஊதியம், விடுப்பு, ஓய்வுக்கால ஏற்பாடு ஆகியவற்றை அவரே சொல்லச் சொல்ல எழுதலாம். நிர்வாகத்தில் இல்லாத ஒரு பெரியவரை, அவர் முறையிட வேண்டியவராக அதே கூட்டத்தில் பெயர் குறித்து அறிவிக்கலாம்.